இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர நாங்கள் இருவரும் முழு நலம். நீயும் மருமகளும் குட்டியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாக இருக்க வேண்டும். பத்து நாளாக உன் குரலைக் கேட்கவில்லை. நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது, ஒரு மணி நேரம் கழித்து ‘வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்’ என்று ஒரு வரி வருகிறது, அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. நீ எடுத்தாலும் நான் பாதி சொல்வதற்குள் குறுக்கே பேசுவாய், நீ குறுக்கே பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். காகிதத்தில் அந்த வம்பு இல்லை. அதனால் சமையலை முடித்துவிட்டு, அப்பாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, மேஜையைத் துடைத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று சொன்னால் யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்று இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குத் தகரம் போட்டிருக்கிறார், மழை வந்தால் நம் கூடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, எங்களுக்குள் சண்டை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சமையலறைக் குழாய் சொட்டுவதை அப்பா தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, இப்போது அது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், அந்தக் காரை வாங்கிவிட்டேன். வாசலில்தான் நிற்கிறது.

அன்றைக்குப் போனில் நீ கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ‘ரெண்டே சீட்டாம்மா? அப்ப நாங்க மூணு பேரும் வந்தா எங்க உக்காருவோம், டிக்கியிலயா?’ என்றாய். நீ விளையாட்டாகக் கேட்கிறாய் என்று நினைத்து, ‘டிக்கியில ஒரு பைதான் பிடிக்கும், நீங்க பஸ்ல வந்துடுங்க’ என்று சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. ‘சரி, உங்க இஷ்டம்’ என்று வைத்துவிட்டாய். எனக்கு மண்டையில் உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மாவும் அப்பாவும் இனி நமக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றுதானே எடுத்துக்கொண்டாய்? நான் பெற்ற பிள்ளை, உன் மௌனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா. அந்த ஒரு நினைப்பை உன் மனதிலிருந்து எடுக்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் இருந்தேன். எங்க அம்மாதான் பாதி ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாங்க என்று நீயே உன் சிநேகிதர்களிடம் பீற்றிக்கொள்வாய். ஆனால் யோசித்துப் பார், அந்த முப்பத்தொரு வருடத்தில் நான் எவ்வளவு ஓட்டினேன்? ஓட்டியதெல்லாம் அவர்கள். நான் பக்கத்து சீட்டில், காலடியில் எனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டாது, கியர் மூன்றைத் தாண்டாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஆடுதசை கல்லாக இறுகியிருக்கும், அப்பாதான் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். ஓய்வு பெறுகிற நாளில் ஒரு சுவர்க் கடிகாரமும் கேக்கும் கொடுத்துவிட்டு, முதலாளி ‘இனிமே என்ன பண்ணப் போறீங்க டீச்சர்?’ என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, ‘ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்’ என்றேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் அது நான் சிரிப்புக்காகச் சொன்னது இல்லை என்று எனக்கே தெரிந்தது. பக்கத்தில் யாருக்கும் பிரேக் இல்லாத ஒரு வண்டியை, யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், நான் ஓட்ட வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷிக்கு இது பெரிய ஆசையா, சொல்.

அப்பாவிடம் சொன்னபோது பேப்பரை இறக்காமலே ‘எத்தனை சீட்டு?’ என்று கேட்டார். இரண்டு என்றேன். பேப்பர் இறங்கியது. அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருபத்தெட்டு வருடம் இருந்த மனிதர், யார் எந்த நேரத்தில் வந்து எதைக் கேட்டாலும் அலமாரியில் இருக்க வேண்டும், இல்லை என்ற சொல்லே வரக்கூடாது என்பதுதான் அவருடைய வேதம். நம் பழைய காரையும் அப்படித்தான் வைத்திருந்தார். டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இறங்கவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பின் சீட்டைத் தூசி தட்டுவார், யாரும் உட்காராத சீட்டில் அவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டால் இன்னொரு தடவை தட்டுவார். குட்டி ஒன்பது மாதக் குழந்தையாக வந்துவிட்டுப் போனாளே, அடுத்த வருஷம் கண்டிப்பா வரோம்பா என்று நீ சொன்னாயே, மறு நாளே போய் ஒரு குழந்தை சீட் வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டார். அந்த வருடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம், குட்டி வளர்ந்திருப்பாள், இது பத்தாது என்று அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, பெரிய அளவில் இன்னொன்று வாங்கி மாட்டினார். அந்த வருடம் உன் ஆபீசில் புது மேனேஜர். இரண்டு சீட்டிலும் ஒரு நாள்கூட ஒரு குழந்தை உட்காரவில்லை. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று அப்பாவின் உத்தரவு. நான் இன்றைக்கு மீறுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக நாங்கள் எங்கேயும் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடிகிற தூரத்துக்கு மேல் போனதே இல்லை. சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூட நான் மட்டும் காலையில் போய் முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வந்தேன், ஏனென்றால் அந்த வாரம் ஒருவேளை வந்தாலும் வருவோம் என்று நீ சொல்லியிருந்தாய். ஒருவேளைக்காக அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணா, இதைப் படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. இது நீ செய்த தப்பு இல்லை, நாங்கள் செய்த தப்பு. யாரும் எங்களைக் காவலுக்கு உட்கார வைக்கவில்லை. நாங்களாகவே ஒரு வீட்டையும் ஒரு காரையும் நாலு வருடம் தயார் நிலையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டோம். நீ ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் என்று சொல்லும்போது உன் குரல் எப்படி இறங்கும் என்று கேட்டுக்கொண்டே, பரவாயில்லடா, நாங்க காத்திருக்கோம் என்று சொன்னேனே, அது உனக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானாகவே வந்து, ‘பழைய வண்டிய வித்தா என்ன வருதோ, அதுக்குள்ள பாத்துக்க. டெபாசிட்ல கை வைக்கக் கூடாது’ என்றார். அதுதான் என் பட்ஜெட். ஐந்து பேர் உட்காரும் பழைய கார் ஒன்றை விற்ற காசில், ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர் சொல்லக்கூடிய ஒன்றை வாங்க வேண்டும். எங்கள் ஸ்கூல் மெக்கானிக் இருக்கிறாரே, ஒத்தைக்காது, அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். அவருக்கு ஒரு காது கேட்காது, மற்றக் காதை பானெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். விலை பேசும்போது மட்டும் கேட்காத காதை விற்பவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

முதலில் பார்த்தது சிவப்பு. அப்படி ஒரு சிவப்பு. பார்த்த உடனே விழுந்துவிட்டேன், பையிலிருந்து முன்பணத்தை எடுக்கவே கை போய்விட்டது. ஒத்தைக்காது என்னைப் பார்த்து, ‘டீச்சர், கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லிவிட்டு, சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்தார். நாம் யாராவது பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுக்கிறோமா? அடியில், எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கிற பகுதியில், கோடு போட்ட மாதிரி சேற்றுக் கறை. ‘இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி’ என்றார். தரைவிரிப்பை மாற்றலாம், சீட்டுக்குப் புது உறை போடலாம், பெல்ட்டின் அடியை யாரும் கழுவ மாட்டார்கள். விற்க வந்தவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ எப்போதாவது பழைய கார் வாங்கினால் இதை மறக்காதே. இரண்டாவது வண்டிக்காரர் நாங்கள் போவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார், பானெட்டைத் தொட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது. ஆறிக் கிடக்கிற வண்டி முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் தன் நோயைச் சொல்லும், அதை மறைக்கிறவரிடம் வாங்கக் கூடாது. நாளைக்குக் காலையில் சொல்லாமல் வந்து பார்க்கிறேன் என்றேன், அவர் அந்தக் காலையில் வீட்டிலேயே இல்லை. இப்படியே இரண்டு மாதம். என் பட்ஜெட்டைச் சொன்னால் சில பேர் சிரித்துவிட்டு, இந்தக் காசுக்கு டயர் தரோம்மா என்றார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் ‘என்னாச்சு?’ என்று கேட்பார், ஒன்றும் அமையவில்லை என்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், அதை மறைக்கத் தண்ணீர் குடிப்பார்.

அப்புறம்தான் அந்தக் கடைவாய்ப் பல். பல் டாக்டர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்து, உள்ளே குடைந்துகொண்டே தன் கதையைச் சொல்லியிருக்கிறார். குனிந்து குனிந்து பல் பார்த்து முதுகு போய்விட்டதாம், ஆசையாக வைத்திருந்த இரண்டு சீட் கார் தரையோடு தரையாக இருப்பதால் ஏறினால் இறங்க முடியவில்லையாம், நல்ல ஆளாகக் கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறாராம். அப்பா இதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பஞ்சைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, பாதி மரத்துப்போன வாயோடு முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டது சரிதான் என்று இந்த வயதில் இன்னொரு தடவை தோன்றியது.

கரு நீலக் கார், டாக்டர் முந்தின நாள் ராத்திரியே ஆள் விட்டு நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பதினாறு வயது. வெயில் பட்ட பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, கூரை துணி, அதன் ஓர ரப்பர் வெடித்து மழையில் ஒழுகும், ரேடியோ பாடாது, ஒரு கண்ணாடி ஏற யோசிக்கும். ஆனால் டாக்டர் பில் ஒன்று விடாமல் கோப்பில் வைத்திருந்தார், அப்பா அந்தக் கோப்பைப் புரட்டிய விதத்திலேயே பாதி சம்மதம் தெரிந்தது. ஒத்தைக்காது ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். புகை போக்கியில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறந்து அடியைத் தடவினார். ‘கிளட்ச் ஒரு வருஷம் வரும், ரப்பர் மாத்தணும், மத்தபடி நல்லா மூச்சு விடுது’ என்றார். அடுத்தது ஓட்டிப் பார்க்க வேண்டும். டாக்டர் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. டாக்டர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார், என்ன நினைத்தாரோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகி முனகி டிரைவர் சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். ‘கண்ணாடியப் பாத்தீங்களா? பெல்ட் போடுங்க’ என்று நான் சொல்கிறேன். அவர் போட்டார். ‘நியூட்ரல்ல இருக்கா பாருங்க’ என்றேன். அவர் பார்த்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சாவி என் கையில் இருக்கிறது. வெளியே அப்பா வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். பாவம் அந்த டாக்டர், மறுபடியும் எழுந்து சுற்றி வருவதற்குள் அவருக்கு ஒரு ஜென்மம் போய்விட்டது.

ஓட்டினேன். வழக்கம் போல நாற்பதில், மூன்றாவது கியரில். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், ‘இதுக்கு அஞ்சு கியர் இருக்கும்மா’ என்றார். புறவழிச்சாலையில் ஏறினேன். நாலு போட்டேன். ஐந்து போட்டேன். கண்ணா, எப்படிச் சொல்வது, என்னை அறியாமல் கத்திவிட்டேன். பயம் இல்லை. இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று இருந்தது. நீ கவலைப்படாதே, அந்தச் சாலையில் போக வேண்டிய வேகத்துக்கு மேல் ஒரு இழை போகவில்லை, போகவும் மாட்டேன், எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன். விலை பேசும்போது டாக்டர் கொஞ்சம் முறுக்கினார். அப்பா வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டி, ‘இதுக்கு உறை போட உங்ககிட்டதானே டாக்டர் வரணும்’ என்றார். டாக்டர் சிரித்துவிட்டார், ரப்பர் மாற்றுகிற காசை விலையில் குறைத்துக்கொண்டார்.

பழைய காரை அதற்கு முன்னாலேயே ஒருவரிடம் பேசி வைத்திருந்தோம். மறு நாள் காலையில் அவர் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எடுத்துப்போக வந்தார், இரண்டு வயதுப் பெண் குழந்தை. பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இந்த சீட்டும் சேர்த்தா சார்?’ என்று கேட்டார். அப்பா உடனே ‘அது குடுக்கறதுக்கு இல்ல’ என்றார். பெல்ட்டைக் கழற்றப் போனவர் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் திரும்பி, ‘குழந்தையக் கொண்டு வாங்க’ என்றார். அவரே தூக்கி உட்கார வைத்தார். இந்த வாரை இப்படி விடணும், இங்க ஒரு விரல் போற அளவுக்கு இடம் இருக்கணும் என்று அந்தத் தகப்பனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பரண்மேல் இருந்த பெட்டியையும் இறக்கி, அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று கொடுத்துவிட்டார். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றார். உள்ளே வந்து கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். நான் ஏன் அப்படி ஒரு அசட்டு ஜோக் அடித்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். அடிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தூசி தட்ட அப்பாவுக்குப் பின் சீட் இல்லை. காலையில் எழுந்து கையைப் பிசைந்துகொண்டு அங்கும் இங்கும் நடந்தார். கிளம்புங்க, எங்கயாவது போகலாம் என்றேன். எங்கே என்றார். தெரியாது என்றேன். கிளம்பினால் பூட்டு இல்லை. நம் வீட்டு வெளிப் பூட்டை, இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் எத்தனை நாள் ஆயிற்றோ, எங்கே வைத்தோம் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. தேடித் தேடிக் கடைசியில் தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது, எண்ணெய் விட்டுத்தான் திருப்ப முடிந்தது. அப்பா வழக்கம் போல வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டார். கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினோம், எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டோம். கண்ணா, உன் அப்பா வாந்தி எடுக்கவில்லை! முகத்தில் காற்றடிக்கிறதால் ஒன்றும் தெரியவில்லையாம். அவ்வளவு தூரமும் பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி காதில் விழவில்லை, விழுந்தது போதும்.

அணை ஓரத்துச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்தோம். அப்பா சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, வண்டி மீட்டரில் பார்த்த கிலோமீட்டரை எழுதினார். நூற்று நாற்பத்திரண்டு. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், வீட்டுக்கு ஒண்ணும் ஆகல’ என்றார். ஆமாம் என்றேன். டீயை முழுக்கக் குடித்து முடித்தார். அப்புறம்தான் கேட்டார், ‘அவன் வர முடியலன்னா, நாம ஏன் போகல?’ என்று. நாலு வருடத்தில் எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பிள்ளைதான் வீட்டுக்கு வர வேண்டும், நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எவன் சொன்னான்? டம்ளரைக் கொடுக்க எழுந்தவள் மறுபடியும் சுவரில் உட்கார்ந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும், அதை அப்பாவிடம்கூட அதுவரை சொல்லவில்லை. கண்ணாடி பார்த்தே பிழைத்தவள் நான், பின்னால் என்ன வருகிறது என்று கண் போய்விடும். நீ அனுப்புகிற போட்டோக்களில் குட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரே ஜன்னல். அவள் சாப்பிடுகிறாள், அந்தப் பச்சைத் திரை. அவள் தூங்குகிறாள், அதே பச்சைத் திரை. பிறந்த நாள் கேக், அதே திரை. இரண்டு படுக்கையறை, தனிக் கூடம் என்றெல்லாம் நீ சொன்ன வீட்டில் வேறு ஜன்னலே கிடையாதா என்று ஒரு நாள் மருமகளிடம் கேட்டுவிட்டேன். அவள் சமாளிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதுவிட்டாள். ‘ஒரே ரூம்தான் அத்தை, உங்ககிட்ட சொல்ல அவருக்குச் சங்கடம்’ என்றாள். அந்தப் பழைய வேலை போய் மூன்றரை வருடம் ஆகிறது என்றும், இப்போதைய வேலையில் சம்பளம் பாதிதான் என்றும், மூன்று பேருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு நீ மூடி வைப்பாய் என்றும் சொன்னாள். அவளைத் திட்டினாயானால் எனக்கும் உனக்கும் பேச்சு கிடையாது. நானாகக் கண்டுபிடித்தேன், அவள் பொய் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

லீவு கிடைக்கவில்லை, மேனேஜர் விடவில்லை என்று நீ சொன்ன ஒவ்வொன்றையும் இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை தடவை தனியாக உட்கார்ந்து யோசித்து அந்தப் பொய்களைத் தயார் செய்திருப்பாய். என்னிடம் நீ பயந்தது சின்ன வயதில் தட்டை உடைத்தபோதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணா, உன் வீட்டின் அளவை வைத்தா நான் உன்னை அளப்பேன்? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் இருந்ததும் ஒரே ரூம்தான், கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது, பக்கவாட்டில் நுழைவோம். எனக்குக் கஷ்டமாக இருப்பது நீ சின்ன வீட்டில் இருப்பது இல்லை. இவ்வளவு நாள் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தாயே, அதுதான். அப்பாவிடம் அந்தச் சுவரில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் வங்கி திறக்கிற நேரத்துக்குப் போய், கை வைக்கக் கூடாது என்று எனக்குச் சொன்ன டெபாசிட்டை அவரே உடைத்துவிட்டு வந்தார்.

அதனால் இனி நீ அடுத்த வருஷம் வரோம் என்று சொல்ல வேண்டாம், வர முடியாததற்காக மனதில் குமையவும் வேண்டாம். நாங்கள் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மதியம் இறங்குகிறோம், பதினைந்து நாள் இருப்போம், மருமகளுக்குத் தெரியும், நானே சொல்கிறேன் அத்தை என்றவளை நான்தான் தடுத்தேன். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆரம்பிக்காதே. யாரிடமும் கட்டில் இரவல் கேட்காதே. நான் குட்டியோடு தரையில் படுத்துக்கொள்கிறேன், அப்பாவுக்குச் சுவரோரம் ஒரு பாய் போதும், குறட்டைக்கு மட்டும் நீங்கள் மூன்று பேரும் பழகிக்கொள்ள வேண்டும். குட்டியின் இப்போதைய உயரத்தை அளந்து எழுது என்கிறார் அப்பா, எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. எதையும் தாங்குவேன், அதைத் தாங்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சின்னதிலிருந்து உனக்குக் காதில்தான் குளிர் ஏறும். மருமகளை ஒரு நாளாவது வேலை முடிந்து எங்காவது நடக்கக் கூட்டிப்போ, அவள் உனக்காக எவ்வளவு பொறுத்துக்கொள்கிறாள் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். இது என்னுடைய ஆசீர்வாதம், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பன்னிரண்டாம் தேதிக்காக லீவு கேட்டு அந்த வேலையையும் சங்கடப்படுத்திக்கொள்ளாதே, மருமகள் வந்து எங்களைக் கூட்டிப்போவாள். நீ எப்போதும் போல வேலைக்குப் போ, வேலையை முடித்துவிட்டு மெதுவாக வீட்டுக்கு வா, நாங்கள் உள்ளே இருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா